கெட்டியும் தாங்கலும்

முதுகுவலி என்று சொல்லி மெத்தைக் கடைக்குள் நுழைபவருக்கு முதலில் காட்டப்படுவது 'ஆர்த்தோ' என்று முத்திரை குத்திய மெத்தையாகத்தான் இருக்கும். விற்பனையாளர் உள்ளங்கையால் அதை ஓங்கி அழுத்திக் காட்டுவார். வாங்க வந்தவரும் ஒருமுறை அழுத்திப் பார்ப்பார். கை உள்ளே இறங்கவில்லை என்றதும் இது முதுகுக்கு நல்லது என்ற முடிவுக்கு வந்துவிடுவார். பல ஆண்டுகள் இரவெல்லாம் உடம்பைச் சுமக்கப்போகும் ஒரு பொருளைப் பற்றிய தீர்ப்பு இப்படி ஓர் உள்ளங்கையில் முடிந்துபோகிறது. அந்த உள்ளங்கை அளந்தது மேற்பரப்பின் கெட்டித்தன்மையை மட்டும்தான். முதுகெலும்பு கேட்பது தாங்கலை. குறிப்பிட்ட விசைக்கு மெத்தை எவ்வளவு இறங்குகிறது என்ற கணக்குதான் கெட்டி. தாங்கலோ, உடம்பின் புடைத்த பகுதிகளை இறங்கவிட்டு, உள்வாங்கிய பகுதிகளை ஏந்திப் பிடித்து, முதுகெலும்பை அதன் இயல்பான வளைவிலேயே இரவு முழுவதும் வைத்திருக்கும் திறன். கெட்டியான மெத்தை நன்றாகத் தாங்கலாம், தாங்காமலும் போகலாம். கெட்டியான ஆர்த்தோ ஹைப்ரிட் மெத்தை எந்த உடம்புக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பதை இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும். 'ஆர்த்தோ' என்ற சொல்லை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் எந்த அளவுகோலும் இல்லை. கடையில் சொல்லப்படும் 'பத்துக்கு ஏழு', 'பத்துக்கு எட்டு' என்ற கெட்டி எண்களும் அந்தந்த நிறுவனம் தானே போட்டுக்கொண்டவை. ஒரு நிறுவனத்தின் ஏழு இன்னொரு நிறுவனத்தின் ஐந்தாக இருக்கலாம்.

ஹைப்ரிட் என்பது இரண்டு பரம்பரைகளின் கலப்பு. அடிப்பாதி ஸ்பிரிங், மேற்பாதி ஃபோம் அல்லது லேட்டக்ஸ். பழைய ஸ்பிரிங் மெத்தைகளில் சுருள்கள் எல்லாம் ஒன்றோடொன்று கம்பியால் பின்னப்பட்டிருக்கும். ஒரு மூலையில் அமர்ந்தால் மறு மூலை அசையும். 1900-ஐ ஒட்டி, கனடாவின் டொராண்டோவில் ஜேம்ஸ் மார்ஷல் என்ற பொறியாளர் ஒவ்வொரு சுருளையும் தனித்தனித் துணிப்பைக்குள் அடைத்தார். இன்று பாக்கெட் ஸ்பிரிங் என்று விற்பது அதன் வாரிசுதான். சுருள்கள் தனித்தனியாக இயங்குவதால் இடுப்புக்குக் கீழே உள்ளவை அதிகமாகவும் இடைக்குக் கீழே உள்ளவை குறைவாகவும் அமுங்கும். மேல் அடுக்கில் வரும் மெமரி ஃபோம் 1966-இல் நாசாவுக்காக சார்லஸ் யோஸ்ட் உருவாக்கிய பொருள். விமான இருக்கையில் மோதலின் அதிர்ச்சியைக் குறைப்பதற்காகப் பிறந்து, பிறகு படுக்கையறைக்கு வந்தது. இந்தியாவில் 'ஆர்த்தோ' என்று வரும்போது இவ்விரண்டுக்கும் நடுவே பெரும்பாலும் இன்னோர் அடுக்கு சேரும்: ரீபாண்டட் ஃபோம், அதாவது ஃபோம் வெட்டியபின் மிஞ்சும் துண்டுகளை நொறுக்கி, பசையிட்டு அழுத்திச் செய்த பலகை. சில மெத்தைகளில் அந்த இடத்தில் ரப்பர் பால் பூசிய தென்னை நார் இருக்கும். இரண்டும் எளிதில் வளையாதவை. மெத்தை கெட்டியாகத் தெரிவதற்குப் பல சமயம் காரணம் இந்த நடு அடுக்குதான், கீழே உள்ள ஸ்பிரிங் அல்ல. விற்பனைப் பேச்சிலோ ஸ்பிரிங்கின் எண்ணிக்கைதான் முன்னால் நிற்கும்.

இனி உடம்பின் பக்கம். முதுகெலும்பின் எலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டுகள் பகலில் எடை தாங்கி நீரை இழக்கின்றன, இரவில் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. காலையில் நம் உயரம் இரவில் இருந்ததைவிட ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கூடியிருப்பதும் அதனால்தான். ஜெர்மனியின் உல்ம் நகரில் ஹான்ஸ்-யோகிம் வில்க்கெயும் குழுவும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு தன்னார்வலரின் இடுப்பு வட்டுக்குள் அழுத்தமானியைப் பொருத்தி அளந்தார்கள். நிற்கும்போது சுமார் 0.5 மெகாபாஸ்கல் இருந்த அழுத்தம் மல்லாந்து படுத்ததும் 0.1-க்கு இறங்கியது. ஏழு மணி நேரத் தூக்கத்தின் முடிவில், வட்டு நீரேறியதால், 0.24-க்கு உயர்ந்தது. ஒரே ஒருவரிடம் எடுத்த அளவு என்பதை மறக்கக்கூடாது. ஆனால் திசையைப் பற்றி ஐயம் இல்லை: வட்டுக்கு ஓய்வு தருவது படுத்தல் என்ற செயலே. எந்த மெத்தையில் படுத்தாலும் பெரும்பகுதி நன்மை கிடைத்துவிடுகிறது. மெத்தையின் பங்கு மீதமிருக்கும் சிறு பகுதியில்தான்: வட்டுகள் நீரேறும் அந்த ஏழெட்டு மணி நேரம் முதுகெலும்பு ஒரு பக்கம் கோணியபடி இல்லாமல் பார்த்துக்கொள்வது, தசைகள் அந்தக் கோணலைச் சமன்செய்ய விறைத்துக்கொண்டே இருக்காமல் தளர விடுவது. மெத்தை விளம்பரங்கள் இந்தச் சிறு பகுதியை முழுப் பகுதியாக்கிக் காட்டுகின்றன.

அந்தச் சிறு பகுதியிலும் படுக்கும் வாகுக்கு வாகு தேவை மாறுகிறது. நம் எடை உடம்பில் சீராகப் பரவியிருக்கவில்லை. ஏறத்தாழ பாதி எடை நடுவுடலில் இருக்கிறது. அதிலும் வயிறும் இடுப்பும் சேர்ந்து மொத்த எடையில் கால் பங்குக்கு மேல். மல்லாந்து படுத்தால் பிட்டமும் தோள்பட்டையும்தான் முதலில் மெத்தையைத் தொடும். மெத்தை மிக மென்மையாக இருந்தால் இடுப்பு மட்டும் ஆழ இறங்கி, உடம்பு தூளியில் கிடப்பதுபோல் வளையும். மிகக் கெட்டியாக இருந்தால் கீழ்முதுகின் வளைவுக்கும் மெத்தைக்கும் நடுவே இடைவெளி விழும். அந்த வளைவைத் தசைகள் தாமே தூக்கிப் பிடிக்க வேண்டும். ஒருக்களித்துப் படுப்பவர்களுக்குச் சிக்கல் இன்னும் கூர்மையானது. தோளும் இடுப்பெலும்பும் துருத்தி நிற்கின்றன, இடை உள்ளே போகிறது. கெட்டியான பரப்பில் தோளும் இடுப்பும் இறங்க இடமில்லை. ஆகவே இடை தொங்கி, முதுகெலும்பு பக்கவாட்டில் வளைகிறது. அகன்ற தோளோ அகன்ற இடுப்போ உடையவர்களுக்கு இந்த வளைவு மேலும் கூடும். குப்புறப் படுப்பவர்களின் நிலை இதற்கு நேரெதிர். அவர்களுக்கு வயிறு இறங்கினால் கீழ்முதுகு பின்னோக்கி மடங்கும், ஆகவே கெட்டி ஓரளவு நன்மை செய்கிறது. கழுத்தை ஒரு பக்கம் திருப்பியே வைத்திருக்க வேண்டிய தொல்லையை மட்டும் எந்த மெத்தையும் தீர்க்காது. ஒரே கெட்டி மெத்தையில் மூன்று பேர் மூன்று வாகில் படுத்தால் மூன்று வகைத் தாங்கல் கிடைக்கிறது. அப்படியிருக்க, 'முதுகுக்கு நல்லது' என்று மொட்டையாகச் சொல்வதில் பொருள் என்ன இருக்கிறது?

சொகுசு என்பதை வெறும் ஆடம்பரமாக ஒதுக்கிவிடவும் முடியாது. எடை சிறு பரப்பில் குவிந்தால் அங்கே அழுத்தம் கூடும். தோலடி நுண்குழாய்களில் ரத்த ஓட்டம் தடைபடும். யூஜீன் லேண்டிஸ் 1930-இல் ஆரோக்கியமானவர்களின் நகக்கண் ஓரத்து நுண்குழாய்களில் அழுத்தத்தை அளந்தபோது, தமனிப் பக்க முனையில் கிடைத்த சராசரி 32 மில்லிமீட்டர் பாதரசம். படுக்கைப் புண் பற்றிய பேச்சில் இந்த எண் வெகுகாலமாக ஓர் எல்லைக்கோடாகவே நடமாடுகிறது. நகக்கண்ணில் எடுத்த அளவைப் பிட்டத்துக்கும் பொருத்துவது சற்று அதிகம்தான். ஆனாலும் அடிப்படை இயல்பு உண்மை: அழுத்தம் நீடித்தால் திசு முறையிடும், உடம்பு புரளும். ஆரோக்கியமானவர் இரவில் பல தடவை புரள்கிறார், அது தேவையானதும்கூட. தோள் மரத்துப்போய்ப் புரளும்போது தூக்கம் துண்டு துண்டாகிறது. மிகக் கெட்டியான மெத்தை அப்படித்தான் தூக்கத்தைக் கெடுக்கிறது. ஆழப் புதையும் மெத்தையோ புரள்வதற்கே அதிக முயற்சி கேட்கிறது. கெட்டியான அடித்தளத்தின் மேல் மெல்லிய மென்மையான அடுக்கு என்ற ஹைப்ரிட் அமைப்பு, கொள்கையளவில், இந்த இரண்டு தொல்லைக்கும் நடுவழி. செயலளவில் அது நடுவழியாக நிற்கிறதா என்பது அந்த மேல் அடுக்கு எவ்வளவு தடிமன் என்பதைப் பொறுத்தது.

முதுகுக்குக் கெட்டிதான் நல்லது என்ற நம்பிக்கை விற்பனையாளர்கள் கண்டுபிடித்ததல்ல, மருத்துவத்திலிருந்து வந்தது. சென்ற நூற்றாண்டின் பெரும்பகுதியில் முதுகுவலிக்கு வழக்கமான சிகிச்சை படுக்கை ஓய்வு. மெத்தைக்கு அடியில் பலகை போடச் சொல்வதும் அதோடு சேர்ந்தே வந்தது. தொய்ந்து குழிந்த பழைய கட்டில்களின் காலத்தில் அது அறிவுக்கொவ்வாத யோசனையும் அல்ல. 1996-இல் அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர்களிடம் நடத்திய கருத்துக் கணிப்பு ஒன்றில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் கெட்டியான மெத்தையையே பரிந்துரைப்பதாகச் சொன்னார்கள். அதற்குள் இந்தச் சிகிச்சையின் மறுபாதி ஆட்டம் கண்டிருந்தது. 1986-இல் ரிச்சர்ட் டேயோவும் குழுவும் அமெரிக்காவில் 203 நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஆய்வில், ஏழு நாள் ஓய்வுக்குப் பதில் இரண்டு நாள் ஓய்வு எடுக்கச் சொல்லப்பட்டவர்கள் 45 விழுக்காடு குறைந்த வேலை நாட்களையே இழந்தார்கள். மற்றபடி குணமாவதில் வேறுபாடு தெரியவில்லை. 1995-இல் ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்களிடம் அன்டி மால்மிவாராவும் குழுவும் செய்த ஆய்வில், முடிந்தவரை அன்றாட வேலையைத் தொடர்ந்தவர்களே படுத்துக்கிடந்தவர்களைவிட விரைவில் தேறினார்கள். படுக்கை ஓய்வு என்ற மூத்த நம்பிக்கை சோதனைக்கு நிற்காமல் விழுந்தது. பலகை என்ற இளைய நம்பிக்கையை மட்டும் இன்னும் சில ஆண்டுகள் யாரும் பெரிய அளவில் முறையாகச் சோதிக்கவில்லை.

அந்தச் சோதனை ஸ்பெயினில் நடந்தது. பிரான்சிஸ்கோ கோவாக்ஸும் குழுவும் 2003-இல் லான்செட் இதழில் அதன் முடிவுகளை வெளியிட்டார்கள். குறிப்பிட்ட காரணம் தெரியாத நாள்பட்ட கீழ்முதுகுவலி உள்ள 313 பேரைச் சீட்டுக் குலுக்கும் முறையில் இரண்டு அணியாகப் பிரித்து, அவரவர் வீட்டுக் கட்டிலில் புது மெத்தை போட்டார்கள். மெத்தைகளின் கெட்டியை ஐரோப்பியத் தரநிலைப்படி அளந்திருந்தார்கள். அந்த அளவுகோலில் 1 மிகக் கெட்டி, 10 மிக மென்மை. ஓர் அணிக்கு 2.3 அளவுள்ள கெட்டி மெத்தை, மற்றதற்கு 5.6 அளவுள்ள நடுத்தரக் கெட்டி மெத்தை. யாருக்கு எது என்பது நோயாளிகளுக்கும் தெரியாது, மதிப்பிட்டவர்களுக்கும் தெரியாது. 90 நாட்கள் கழித்து, படுக்கையில் இருக்கும்போது உள்ள வலி, எழுந்திருக்கும்போது உள்ள வலி, அன்றாடச் செயல்களில் உள்ள இயலாமை ஆகிய மூன்றிலும் நடுத்தரக் கெட்டி மெத்தையில் படுத்தவர்களே அதிகம் முன்னேறியிருந்தார்கள். படுக்கையில் வலி குறைந்ததற்கான வாய்ப்பு விகிதம் அவர்களுக்கு 2.36 மடங்கு. முதுகுவலிக்காரர்களிடமே கெட்டி தோற்றது என்பதுதான் இதில் முக்கியம். ஆர்த்தோ மெத்தை யாருக்காக விற்கப்படுகிறதோ, அவர்களிடமே அது பின்தங்கியது.

இதை வைத்துக் கெட்டி மெத்தைகளை எல்லாம் தூக்கி எறியலாமா? அவசரப்படக்கூடாது. கோவாக்ஸ் ஆய்வில் இரண்டு அணியிலும் பலருக்கு வலி குறைந்தது. புது மெத்தை என்பதால் வந்த நன்மை எவ்வளவு, காலம் செல்லச் செல்லத் தானாகத் தணிந்தது எவ்வளவு என்று பிரிக்க இயலாது. ஒப்பிடப்பட்டவையும் இரண்டே இரண்டு மெத்தைகள். உண்மையிலேயே மென்மையான மெத்தை போட்டியிலேயே இல்லை. 2.3 என்பது கெட்டியின் கோடிக்கு அருகில் உள்ள அளவு. இன்று 'ஃபர்ம்' என்று விற்கும் ஹைப்ரிட்கள் எல்லாம் அவ்வளவு கெட்டியா என்பது அளந்தால்தான் தெரியும், யாரும் அளந்து எழுதித் தருவதில்லை. 2008-இல் டென்மார்க்கில் நாள்பட்ட முதுகுவலிக்காரர்கள் 160 பேரை நீர்ப்படுக்கை, உடம்புக்கு ஏற்ப இறங்கும் ஃபோம், கெட்டியான ஃபுட்டான் மெத்தை என்று மூன்றாகப் பிரித்து ஒரு மாதம் படுக்க வைத்தார்கள். முதல் இரண்டும் கெட்டியை முந்தின, ஆனால் சிறு வித்தியாசத்தில். பாதியில் விலகியவர்களும் இருந்தார்கள். 2015-இல் 24 கட்டுப்பாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வுரையும் நடுத்தரக் கெட்டியையே முன்வைத்தது. ஒக்லஹோமாவில் பெர்ட் ஜேக்கப்சனும் குழுவும் 59 பேரைப் பழைய மெத்தையில் 28 இரவு, புதிய நடுத்தரக் கெட்டி மெத்தையில் 28 இரவு படுக்க வைத்து, தூக்கம் மேம்பட்டதையும் வலி குறைந்ததையும் காட்டினார்கள். அங்கே பழைய மெத்தைகளின் சராசரி வயது ஒன்பதரை ஆண்டு, ஒப்பிடத் தனி அணியும் கிடையாது. வென்றது நடுத்தரக் கெட்டியா, வெறும் புதுமையா? விடை சொல்ல அந்த ஆய்வால் முடியாது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் கிடைப்பது மிதமான ஆனால் ஒரே திசையைக் காட்டும் சான்று: சராசரி முதுகுவலிக்காரருக்கு மிகக் கெட்டி உதவவில்லை. தனி ஒருவர் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறார் என்பது வேறு கேள்வி.

இங்கே நம் வீடுகளில் உடனே எழும் மறுப்பு ஒன்று உண்டு. தாத்தாவும் பாட்டியும் வெறுந்தரையில் கோரைப்பாய் விரித்துப் படுத்தார்கள், அவர்களுக்கு என்ன முதுகுவலி வந்தது என்பது அது. இதை ஏளனமாகத் தள்ளிவிட வேண்டியதில்லை. பிரிட்டிஷ் இயன்முறை மருத்துவர் மைக்கேல் டெட்லி 2000-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில், தரையில் படுக்கும் பழங்குடிகளிடமும் நாடோடிகளிடமும் முதுகுவலி குறைவாகத் தெரிவதாகவும், அவர்கள் படுக்கும் வாகுகளே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்றும் எழுதினார். அது உற்றுநோக்கலின் பதிவு. எண்ணிக் கணக்கிட்ட ஆய்வு அல்ல. பாயில் படுத்த தலைமுறை நாள் முழுக்கக் குந்தி எழுந்து, நடந்து, குனிந்து வேலை செய்தது. உடல் எடை குறைவு. ஒல்லியான உடம்பில் இடுப்புக்கும் இடைக்கும் உள்ள மேடுபள்ளமும் குறைவு, ஆகவே கெட்டிப் பரப்பு அவ்வளவாகக் கோணலை உண்டாக்காது. சிறு வயதிலிருந்தே பழகிய உடம்பு வேறு. முதுகுவலி இருந்திருந்தாலும் அதை யாரிடம் போய்ச் சொல்லியிருப்பார்கள், யார் எழுதி வைத்திருப்பார்கள்? பாயில் நன்றாகத் தூங்குகிறவர் மெத்தைக்கு மாற எந்தக் காரணமும் இல்லை. எட்டு மணி நேரம் நாற்காலியில் அமரும், 85 கிலோ எடையுள்ள, ஒருக்களித்துத் தூங்கும் அவருடைய பேரனுக்கு அதே தரை பொருந்தும் என்பதற்கும் அந்தத் தாத்தா சான்று ஆகமாட்டார்.

மெத்தைக்குத் திரும்புவோம். கெட்டியையும் தாங்கலையும் எண்ணால் சொல்ல முடியாதா என்றால், முடியும். ஃபோம் தொழிலில் தினமும் சொல்கிறார்கள், வாங்குபவரிடம்தான் சொல்வதில்லை. கடையில் கேட்டால் கிடைக்கும் ஒரே எண் டென்சிட்டி. '40 டென்சிட்டி சார், கல் மாதிரி இருக்கும்' என்பார்கள். டென்சிட்டி என்பது ஒரு கனமீட்டர் ஃபோமின் எடை, கிலோவில். அது கெட்டியை அளப்பதில்லை. வேதிக் கலவையை மாற்றினால் 40 டென்சிட்டியில் மிக மென்மையான ஃபோமும் செய்யலாம், 28-இல் கெட்டியானதும் செய்யலாம். டென்சிட்டி ஓரளவு சொல்வது ஆயுளைப் பற்றி: ஒரே வகை ஃபோமில் பொருள் அதிகமாக உள்ளது மெதுவாகத் தொய்யும். கெட்டிக்கு வேறு சோதனை. வட்டமான தட்டு ஒன்றால் ஃபோமை அதன் தடிமனில் 25 விழுக்காடு அமுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று பார்ப்பார்கள். பிறகு 65 விழுக்காடு அமுக்கி மறுபடி அளப்பார்கள். இரண்டாவது எண்ணை முதலாவதால் வகுத்தால் கிடைப்பது தாங்கல் விகிதம். சாதாரண ஃபோமில் அது 2-ஐ ஒட்டி இருக்கும். உயர் மீள்திறன் ஃபோமிலும் லேட்டக்ஸிலும் அதைவிடக் கூடும். மேலே மெதுவாக வரவேற்று, இறங்க இறங்க உறுதியாக எதிர்க்கும் பொருளுக்கு இந்த விகிதம் அதிகம். கையால் அழுத்திப் பார்ப்பவருக்குத் தெரிவது முதல் எண் மட்டுமே. முதுகெலும்பு இரவெல்லாம் இரண்டாவது எண்ணின் மேல் கிடக்கிறது. கெட்டியும் தாங்கலும் இரண்டு தனிப் பண்புகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஸ்பிரிங்கின் கதையும் இதே. ஆயிரம் சுருள், ஆயிரத்து இருநூறு சுருள் என்ற எண்ணிக்கை விளம்பரத்தில் பெரிதாக இருக்கும். சுருளின் விறைப்பைத் தீர்மானிப்பது கம்பியின் தடிமன், சுருளின் விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை. இவற்றில் கம்பியின் தடிமன் நான்காம் அடுக்கில் வேலை செய்கிறது. மற்ற எல்லாம் ஒன்றாக இருக்க, 1.8 மில்லிமீட்டர் கம்பியை 2 மில்லிமீட்டராக்கினால் சுருள் ஒன்றரை மடங்கு விறைப்பாகிவிடும். கண்ணுக்குத் தெரியாத 0.2 மில்லிமீட்டர் செய்யும் வேலை அது. ஆகவே கம்பித் தடிமன் சொல்லாத சுருள் எண்ணிக்கையால் ஒன்றும் அறிய முடியாது. அடுத்து, அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும்போது விசை எல்லாவற்றின் வழியாகவும் போகிறது; மென்மையானது முதலில் அமுங்கித் தீர்கிறது, பிறகே கீழே உள்ளது வேலை செய்யத் தொடங்குகிறது. 50 கிலோ எடையுள்ளவர் கெட்டி ஹைப்ரிட்டில் படுத்தால் மேல் அடுக்கைத் தாண்டி இறங்கவே மாட்டார். நடுவில் ரீபாண்டட் பலகை வேறு இருந்தால் அதற்குக் கீழே உள்ள பாக்கெட் ஸ்பிரிங்குகள் தனித்தனியாக இயங்கும் வாய்ப்பே குறைந்துவிடும், பலகை எடையைப் பரப்பிவிடுவதால். அவர் ஸ்பிரிங்குக்கும் விலை கொடுத்துவிட்டு ஒரு ரீபாண்டட் மெத்தையில் தூங்குகிறார். 90 கிலோ எடையுள்ளவருக்கோ அதே மெத்தையில் மேல் அடுக்கு உடனே தீர்ந்து, ஸ்பிரிங் வேலை செய்யத் தொடங்கும். அவருக்கு அது நடுத்தரக் கெட்டியாகவே தெரியக்கூடும். அந்த மெத்தைக்கு ஒருவர் ஐந்து நட்சத்திரமும் இன்னொருவர் ஒரு நட்சத்திரமும் கொடுத்திருந்தால் இருவருமே உண்மையைத்தான் எழுதியிருக்கிறார்கள்.

வெப்பமும் கணக்கில் வரவேண்டும். மெமரி ஃபோம் சூட்டில் இளகும், குளிரில் விறைக்கும். குளிரூட்டிய கடையில் கெட்டியாக இருந்தது சென்னையின் மே மாத இரவில் இளகிக் காட்டலாம். லேட்டக்ஸில் இந்த மாற்றம் மிகக் குறைவு. வியர்வைக்கு ஸ்பிரிங் அடுக்கின் காற்றோட்டம் நல்லது என்பதில் உண்மை உண்டு, ஆனால் உடம்புக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே பத்து சென்டிமீட்டர் அடைப்பான ஃபோம் இருந்தால் அந்தக் காற்றுக்கு வேலையில்லை. ஆயுளைச் சோதிக்க ஐரோப்பியத் தரநிலையில் சுமார் 140 கிலோ எடைக்கு நிகரான விசையோடு ஓர் உருளையை மெத்தைமேல் 30,000 தடவை உருட்டி, எவ்வளவு தொய்ந்தது, எவ்வளவு கெட்டி குறைந்தது என்று பார்க்கிறார்கள். உருளைக்கு வியர்க்காது என்பதால் நம் ஈரப்பதமான கடலோர ஊர்களுக்கு அது முழு விடை ஆகாது. இருந்தாலும் எந்தச் சோதனையும் இல்லாததைவிட மேல். கட்டிலையும் மறக்கக்கூடாது: நடுவில் வளைந்துபோன பிளைவுட் பலகையின் மேல் எந்த மெத்தையும் வளையும். பழியை மெத்தையின் மேல் போடுவதற்கு முன் மெத்தையை நகர்த்தி, நீளமான ஓர் அளவுகோலைப் பலகையில் குறுக்கே வைத்துப் பார்ப்பது நல்லது.

அப்படியானால் எப்படி மதிப்பிடுவது? உள்ளங்கையை விட்டுவிட்டு உடம்பைப் படுக்கவைப்பது முதல் படி. கடையில் கூச்சப்படாமல், வழக்கமாகத் தூங்கும் வாகில், வழக்கமான உயரமுள்ள தலையணையோடு, கால் மணி நேரமாவது அசையாமல் கிடக்க வேண்டும். ஃபோம் உடம்புச் சூட்டுக்கு இளகி இறங்க அவ்வளவு நேரமாவது ஆகும். ஒருக்களித்துப் படுப்பவர், கழுத்தின் அடியிலிருந்து வால் எலும்புவரை சட்டையின் மேல் நாலைந்து ஒட்டுப்பொட்டுகளை வைக்கச் சொல்லி, பின்னாலிருந்து மெத்தை மட்டத்தில் ஒரு படம் எடுக்கச் சொல்லலாம். பொட்டுகள் ஏறத்தாழ நேர்கோட்டில் இருந்தால் தாங்கல் சரி. இடைப்பகுதிப் பொட்டுகள் மட்டும் கீழே தொங்கினால் மெத்தை அவருக்கு மிகக் கெட்டி. இடுப்புப் பொட்டு எல்லாவற்றையும்விடத் தாழ்ந்திருந்தால் மிக மென்மை. மல்லாந்து படுப்பவர் கீழ்முதுகுக்கு அடியில் கையை நுழைத்துப் பார்க்கலாம். கை தாராளமாகப் போய் வந்தால் அங்கே தாங்கல் இல்லை. ஆய்வகத் துல்லியம் இதில் கிடையாது, ஆனால் உள்ளங்கைச் சோதனைக்குத் தெரியாத ஒன்றை, அதாவது முதுகெலும்பின் வடிவத்தை, இது நேரடியாகக் காட்டுகிறது. கணவனும் மனைவியும் எடையில் வெகுவாக வேறுபட்டால் இருவருமே படுத்துப் பார்க்க வேண்டும். வீட்டில் சம்பாதிப்பவரின் முதுகை மட்டும் வைத்து மெத்தை வாங்கும் வழக்கம் இன்னும் போகவில்லை.

இந்தக் கணக்குப்படி, கெட்டியான ஆர்த்தோ ஹைப்ரிட் பொருந்தக்கூடியவர்கள் உண்டு: எடை கூடியவர்கள், மல்லாந்தோ குப்புறவோ படுப்பவர்கள், புதையும் மெத்தையில் புரளவும் எழவும் சிரமப்படுபவர்கள், தரையிலும் நார் மெத்தையிலும் பழகியவர்கள். அவர்களும் மேல் அடுக்கு ஐந்து சென்டிமீட்டராவது உள்ளதைப் பார்ப்பது என் பரிந்துரை. ஒல்லியானவர்களும் ஒருக்களித்துப் படுப்பவர்களும் தோள்வலிக்காரர்களும் இதைத் தவிர்த்து, நடுத்தரக் கெட்டியிலேயே தேடலாம். படுக்கையை விட்டு எழ முடியாத முதியவர்களுக்குக் கெட்டி மெத்தை தீங்கானது. அவர்களுக்குப் புண் வராமல் அழுத்தத்தைப் பரப்பும் படுக்கை வேண்டும். கைக்குழந்தைகளுக்கு மட்டும் கெட்டியான தட்டைப் பரப்பே வேண்டும், முதுகெலும்புக்காக அல்ல, மென்மையில் முகம் புதைந்து மூச்சுத் திணறாமல் இருக்க. இன்னும் ஒன்று. காலை விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்து, நடமாடினால் குறைந்து, படுத்தால் கூடுகிறது என்றால், அதுவும் நாற்பது வயதுக்கு முன் தொடங்கியிருந்தால், அது மெத்தையின் குற்றமாக இருக்க வாய்ப்பு குறைவு. முதுகெலும்பு மூட்டுகளின் அழற்சி நோய் அப்படித்தான் தொடங்கும். அதற்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும். கால் மரத்துப்போதல், சிறுநீர் கட்டுப்பாடு தவறுதல், காரணமில்லாமல் எடை குறைதல் ஆகியவற்றில் ஒன்று கூடவே வந்தாலும் ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது.

இணையத்தில் மெத்தை விற்கும் நிறுவனங்கள் பல இப்போது நூறு இரவுகள் வரை படுத்துப் பார்த்துத் திருப்பித் தரலாம் என்கின்றன. கடைச் சோதனையைவிட இதுதான் நம்பத்தக்கது, ஒழுங்காகப் பயன்படுத்தினால். முதல் ஒரு வாரத்தின் தீர்ப்பை, நல்லதானாலும் கெட்டதானாலும், கணக்கில் எடுக்க வேண்டாம். உடம்பு பழைய குழியை மறக்கவும் மேல் அடுக்கு சற்றே பழகித் தளரவும் மூன்று, நான்கு வாரம் ஆகும். அந்த நாட்களில் தலையணையையோ கட்டிலையோ மாற்ற வேண்டாம், புதிதாக உடற்பயிற்சி தொடங்க வேண்டாம், இல்லையென்றால் எது என்ன செய்தது என்று தெரியாது. எழுந்ததும் வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று ஓர் எண்ணை நாட்காட்டியில் குறித்து வாருங்கள். வாங்கும்போதே அடுக்குகளின் பொருளையும் தடிமனையும், ஸ்பிரிங் கம்பியின் தடிமனையும், எத்தனை சென்டிமீட்டர் குழி விழுந்தால் உத்தரவாதம் செல்லும் என்பதையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். நான்கு வாரம் கழித்தும் எண் இறங்கவில்லை என்றால், மெத்தையின் மேல் 'ஆர்த்தோ' என்று எவ்வளவு பெரிய எழுத்தில் தைத்திருந்தாலும், கெடு முடியுமுன் திருப்பி அனுப்பிவிடுங்கள்.